அடுப்பு பத்த வைக்காம ஸ்வீட்: நாலு மாசம் வீட்டுல செஞ்சு பார்த்தது

ராத்திரி சாப்பாடு முடிஞ்சு தட்டை எடுக்கறதுக்குள்ள "ஸ்வீட் ஏதாவது இருக்கா"ன்னு எங்க வீட்டுல ரெண்டு குரல் வரும். பெரியவனுக்கு 10 வயசு, சின்னவளுக்கு 6. அவங்களை குத்தம் சொல்ல முடியாது, பழக்கினது நாங்கதான், கையில கிடைச்ச க்ரீம் பிஸ்கெட்டோ சாக்லேட்டோ எடுத்து குடுத்துட்டு வேலையை பார்க்க போயிடுவோம். ஒரு நாள் பாக்கெட்டை திருப்பி பின்னாடி சர்க்கரை எவ்வளவுன்னு படிச்சு ரெண்டு பேரும் சாப்பிட்டதை கூட்டி பார்த்தேன், பார்த்துட்டு அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல. அதுல ஆரம்பிச்சதுதான் இது, ஞாயித்துக்கிழமை மதியம்னா ஒரு ரா டெசர்ட் ட்ரை பண்றது, நல்லா வந்தா வாரம் முழுக்க அது, வரலைன்னா என்ன தப்புன்னு நோட்டுல எழுதி வெச்சுட்டு அடுத்த வாரம் திரும்ப பண்றது. நாலு மாசம் ஆச்சு, அந்த நோட்டுல இருக்கறதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம், ரா டெசர்ட்னா வேக வைக்காம, பேக் பண்ணாம செய்யறது. இதை கொள்கையா கடைப்பிடிக்கறவங்க 42லேர்ந்து 48 டிகிரிக்கு மேல எதையும் சூடு பண்ண மாட்டாங்க. நான் அவ்வளவு கறார் இல்ல. எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டுதான், வெள்ளை சர்க்கரை போடாம இனிப்பு வரணும், பசங்களும் கூட நின்னு கையை வெச்சு செய்யணும். அடுப்பு இல்லாததால சூடு எண்ணெய் தெறிக்குமோ கை சுடுமோன்னு பயமே கிடையாது, 6 வயசு குழந்தையை தைரியமா பக்கத்துல நிக்க வெச்சுக்கலாம்.

சர்க்கரை கணக்கையும் இப்பவே சொல்லிடுறேன், ஏன்னா இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னபடி ஒரு நாளைக்கு உள்ள போற மொத்த கலோரியில, நாம சேர்க்கிற சர்க்கரை 10 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், 5 சதவீதத்துக்கு கீழ வந்தா இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுற பெரியவங்களுக்கே அந்த 5 சதவீதம் சுமார் 25 கிராம்தான், 6 டீஸ்பூன், குழந்தைக்கு அதை விட கம்மி. தேன், சிரப், ஜூஸ் எல்லாமே இந்த கணக்குல வந்துடும், முழுசா கடிச்சு சாப்பிடுற பழத்தோட சர்க்கரை வராது. சரி, பேரீச்சம்பழத்தை மைய அரைச்சா? பிரிட்டன்ல அரைச்சு பேஸ்ட் ஆக்கின பழத்தோட சர்க்கரையையும் சேர்த்துத்தான் எண்ணுறாங்க. அதனால "சர்க்கரையே இல்லாத ஸ்வீட்"னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல, பசங்ககிட்டயும் சொல்றதில்ல. பேரீச்சம்பழம் எடையில கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு சர்க்கரைதான். ஆனா அது கூட நார்ச்சத்து வருது, பாதாம் வால்நட்டோட கொழுப்பும் புரதமும் வருது, ரெண்டு உருண்டை சாப்பிட்டா வயிறு போதும்னு சொல்லிடுது. க்ரீம் பிஸ்கெட்ல அந்த "போதும்" எங்க வீட்டுல வந்ததே இல்ல.

முதல் ஞாயிறு எல்லாரும் ஆரம்பிக்கிற மாதிரி பேரீச்சம்பழ உருண்டை. வீட்டுல ரொம்ப நாளா இருந்த காய்ஞ்ச பேரீச்சம்பழம், பாதாம், எல்லாத்தையும் ஒண்ணா மிக்ஸி ஜார்ல கொட்டி ஓட விட்டேன். மேல பாதாம் பொடியா பறந்துச்சு, கீழ பேரீச்சம்பழம் ப்ளேடை சுத்தி ஒரு பந்தா உருண்டு நின்னுடுச்சு, மோட்டார் முனகுது, சூடான வாசனை வேற. நிறுத்திட்டு கையில எடுத்து புடிச்சு பார்த்தா மண்ணு மாதிரி உதிருது. சரி ஈரம் பத்தலன்னு கால் கப் தண்ணி ஊத்தினேன், அதுதான் பெரிய தப்பு. உருண்டை புடிக்க வந்துச்சு, ஆனா கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டி, ஃப்ரிட்ஜ்ல வெச்சும் கெட்டியாகாம, நாலாவது நாள் மூடியை திறந்தா புளிச்ச வாசனை. அப்படியே தூக்கி போட்டேன், அவ்வளவு பாதாமும் வீணா போனதுல மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

இதுலதான் எனக்கு முக்கியமான விஷயம் புரிஞ்சுது. அடுப்புல செய்யும்போது தண்ணி கூடிடுச்சுன்னா இன்னும் கொஞ்ச நேரம் கிளறி வத்த வைக்கலாம். இங்க வத்த வைக்க நெருப்பே கிடையாது, உள்ள போன தண்ணி போனதுதான், திரும்ப வெளிய எடுக்க வழி இல்ல. அதோட கெட்டுப் போறதும் அந்த தண்ணியாலதான். பேரீச்சம்பழம் மாசக்கணக்குல கெடாம இருக்கறதுக்கு காரணமே அதுல சர்க்கரை அதிகமா தண்ணி கம்மியா இருக்கறது, நாம தண்ணி ஊத்தினா அந்த பாதுகாப்பை நாமளே கெடுத்துடுறோம்.

அடுத்த வாரம் இப்படி பண்ணேன், இன்னிக்கு வரைக்கும் இதேதான். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 200 கிராம், இது ஊற வைக்கறதுக்கு முன்னாடி எடை. பாதாம் 100 கிராம், வால்நட் 50 கிராம், கோகோ பவுடர் 20 கிராம், ரெண்டு சிட்டிகை உப்பு. பேரீச்சம்பழம் மெட்ஜூல் மாதிரி பெருசா சதைப்பத்தா இருந்தா ஊறவே வேண்டாம். காய்ஞ்சதா இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில 10 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம், வடிகட்டி ஒவ்வொண்ணையும் உள்ளங்கையில வெச்சு லேசா பிழிஞ்சு துணியில ஒத்தி எடுக்கணும். கொட்டை எடுத்ததுன்னு பாக்கெட்ல போட்டிருந்தாலும் ஒவ்வொரு பழத்தையும் ரெண்டா பிச்சு பாருங்க. ஒரு தடவை உள்ள கொட்டை ஒண்ணு தப்பி இருந்துச்சு, ப்ளேடுல பட்டிருந்தா தூள் தூளா போய் குழந்தை பல்லுல கடிபட்டிருக்கும். சில பழத்துல உள்ள கருப்பா பொடி மாதிரி இருக்கும், அது பூஞ்சை, யோசிக்காம தூக்கி போட்டுடுங்க.

அரைக்கறதுல வரிசை முக்கியம். முதல்ல பாதாம் வால்நட் மட்டும், விட்டு விட்டு, ஒரு ஒரு செகண்டா தட்டி தட்டி. ஒரேயடியா ஓட விட்டா எண்ணெய் பிரிஞ்சு வந்துடும், இன்னும் ஓட்டினா பாதாம் பட்டரே ஆயிடும், அந்த எண்ணெயோட உருட்டினா உருண்டை பளபளன்னு இருக்கும், கையில வழியும். ரவை மாதிரி ஆனதும் வெளிய எடுத்து கோகோ, உப்போட கலந்து வெச்சுக்கணும். அப்புறம் பேரீச்சம்பழத்தை மட்டும் பாதி பாதியா போட்டு அரைச்சு, கடைசியா எல்லாத்தையும் பாத்திரத்துல கொட்டி கையாலயே பிசையணும். பதம் பார்க்கறது இப்படித்தான்: ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில வெச்சு இறுக்கி மூடி திறக்கணும். விரல் பதிஞ்ச தடம் அப்படியே நின்னு, கட்டை விரலால தள்ளினா ரெண்டு மூணு துண்டா உடையணும். உதிர்ந்தா இன்னும் ஒரு பேரீச்சம்பழம் அரைச்சு சேர்க்கணும், தண்ணி கூடாது. தடம் நிக்காம வழுக்கிச்சுன்னா ஒரு ஸ்பூன் பாதாம் பொடியோ ஓட்ஸ் பொடியோ. சின்னவ இப்ப இந்த சோதனையை தானே பண்ணி "நிக்குதும்மா"ன்னு கூப்பிடுறா.

அந்த அளவுக்கு மொத்தம் 370 கிராம், 18 உருண்டை வரும், ஒண்ணு சுமார் 20 கிராம். கணக்கு போட்டா ஒரு உருண்டைக்கு ஏறக்குறைய 84 கலோரி, 7லேர்ந்து 8 கிராம் சர்க்கரை. அதாவது ஆரோக்கியமானதுன்னு நினைச்சு அஞ்சு சாப்பிட்டா 400 கலோரிக்கு மேல போயிடும். இதை போட்டு பார்த்த அப்புறம்தான் நான் உருண்டையை சின்னதாக்கினேன், இப்ப அதே மாவுல 26 புடிக்கிறோம், ஆளுக்கு ரெண்டு. எண்ணிக்கை ரெண்டுன்னா குழந்தைக்கு திருப்தி, அளவு என்னன்னு அது பார்க்கறதில்ல. எங்க அத்தைக்கு சுகர் இருக்கு, அவங்க ஆசைப்பட்டா ஒண்ணு, அதுவும் சாப்பாட்டுல அன்னிக்கு கொஞ்சம் குறைச்சுக்கிட்டு. பேரீச்சம்பழம்னா சுகர் ஏறாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மாவுச்சத்து கணக்குல அதுவும் சேரும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க.

வால்நட் பத்தி ஒரு வார்த்தை. போடறதுக்கு முன்னாடி ஒண்ணு வாயில போட்டு மென்னு பாருங்க. பழசானதுல பெயிண்ட் மாதிரி ஒரு காரல் வாசனை வரும், வால்நட்ல இருக்க எண்ணெய் சீக்கிரம் சிக்கு பிடிக்கிற வகை. நான் ஒரே ஒரு தடவை பார்க்காம போட்டேன், 18 உருண்டையிலயும் அந்த காரல் ஏறிடுச்சு. இப்ப வால்நட், அரைச்ச ஆளி விதை ரெண்டும் ஃப்ரிட்ஜ்லதான்.

அடுத்து வாழைப்பழ ஐஸ்க்ரீம், இது பசங்களுக்கு மேஜிக் மாதிரி. ஒரே ஒரு பொருள், வாழைப்பழம். தோல்ல பழுப்பு புள்ளி விழுந்த பழமா இருக்கணும், அப்பதான் மாவெல்லாம் சர்க்கரையா மாறியிருக்கும், பச்சை வாசனை உள்ள பழத்துல பண்ணா நாக்கை இழுத்து பிடிக்கிற மாதிரி துவர்க்கும். ஒரு சென்டிமீட்டர் வட்டமா நறுக்கி, தட்டுல பட்டர் பேப்பர் போட்டு ஒண்ணோடொண்ணு ஒட்டாம பரப்பி ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல. அடுக்கி வெச்சா கல்லா ஒரே கட்டியா வரும், மிக்ஸி அதை உடைக்காது.

வெளிய எடுத்து 5 நிமிஷம் விட்டு அரைக்க ஆரம்பிச்சா முதல்ல தூள் தூளா பனி மாதிரி ஆகும், சத்தம் காதை அடைக்கும். நிறுத்தி ஸ்பூனால பக்கத்துல ஒட்டினதை தள்ளி விட்டு திரும்ப. அப்புறம் பிசைஞ்ச மாவு மாதிரி கட்டி கட்டியா நிக்கும், இந்த இடத்துலதான் எல்லாரும் பயந்து பால் ஊத்திடுறாங்க, நானும் ஊத்தினேன், மில்க் ஷேக்தான் கிடைச்சுது. ஊத்தாம பொறுமையா இன்னும் ரெண்டு மூணு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினா திடீர்னு சத்தம் மாறும், கரகரப்பு போய் ஒரு மெத்துன்னு சத்தம், மூடியை திறந்தா உள்ள வழவழன்னு ஐஸ்க்ரீம் சுருள் சுருளா நிக்கும். வாழைப்பழத்துல கொழுப்பே கிட்டத்தட்ட கிடையாது, இருந்தும் இந்த வழவழப்பு வர்றதுக்கு அதோட பெக்டினும் நாரும்தான் காரணம், தண்ணி பெரிய பெரிய ஐஸ் கட்டியா உறையாம அது பிடிச்சு வெச்சுக்குது. தர்பூசணியில இதே மாதிரி பண்ணி பார்த்தேன், ஐஸ் தூள்தான் வந்துச்சு, அதுல பிடிச்சு வெக்க ஒண்ணும் இல்ல. செஞ்ச உடனே சாப்பிடணும், திரும்ப ஃப்ரீசர்ல வெச்சா மறுநாள் கல்லு. மேல ஒரு ஸ்பூன் வேர்க்கடலை பட்டர் போட்டு கலந்தா பெரியவன் கிண்ணத்தை வழிச்சு நக்கிடுறான்.

அவகாடோ சாக்லேட் மூஸ் எனக்கு ரெண்டு தடவை கெட்டுப் போச்சு. முதல் தடவை பழம் பழுக்கவே இல்ல, அழுத்தினா கொஞ்சம் அமுங்கின மாதிரி இருந்துச்சுன்னு நறுக்கிட்டேன், அரைச்சா சின்ன சின்ன பச்சை துணுக்கா கசப்போட நின்னுச்சு, எவ்வளவு கோகோ போட்டாலும் அந்த கசப்பு மறையல. காம்பு இருந்த இடத்துல அந்த சின்ன மூடியை நகத்தால தள்ளினா சுலபமா கழண்டு உள்ள பச்சையா தெரிஞ்சா பழம் ரெடி, பழுப்பா தெரிஞ்சா தாண்டிடுச்சு. ரெண்டாவது தடவை கோகோவை சலிக்காம அப்படியே போட்டதால கட்டி கட்டியா நின்னு நாக்குல பொடி பொடியா கசந்துச்சு. இப்ப பண்றது: பெரிய அவகாடோ ஒண்ணு, ஊறின பேரீச்சம்பழம் 6, சலிச்ச கோகோ 3 டேபிள்ஸ்பூன், பால் 4 இல்ல 5 டேபிள்ஸ்பூன், வெனிலா சில சொட்டு, ஒரு சிட்டிகை உப்பு. பேரீச்சம்பழத்தையும் பாலையும் முதல்ல மைய அரைச்சுட்டு அப்புறம் மத்ததெல்லாம். ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் இருந்தா அவகாடோ வாசனை அடங்கி சாக்லேட் மேல வந்துடும். உப்பை விட்டுடாதீங்க, அது கசப்பை அமுக்கி இனிப்பை தூக்கி காட்டும், அந்த ஒரு சிட்டிகையால ஒரு பேரீச்சம்பழம் குறைச்சுக்கலாம்.

இதுல அவகாடோ இருக்குன்னு பசங்ககிட்ட மறைக்கணுமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். நான் மறைக்கல. பெரியவன் முகத்தை சுளிச்சான், தொடவே இல்ல, நான் வற்புறுத்தல. மூணாவது ஞாயிறு அவனே பழத்தை ரெண்டா வெட்டி கொட்டையை எடுத்தான், அன்னிக்கு அவனே ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டான். தெரியாம ஊட்டிட்டு அப்புறம் சொன்னா அடுத்த தடவை நாம குடுக்கிற எதையுமே சந்தேகத்தோட பார்ப்பாங்கன்னு எனக்கு தோணுது.

முந்திரி கேக் தான் இதுல பெரிய வேலை. பேக் பண்ணாத சீஸ்கேக்னு சொல்றாங்க, சீஸ் கிடையாது, ஊற வெச்ச முந்திரி அரைச்ச க்ரீம்தான். ரா முந்திரின்னு பாக்கெட்ல போட்டிருந்தாலும் அது உண்மையில பச்சை கிடையாது, முந்திரிக்கொட்டை ஓட்டுக்குள்ள தோலை புண்ணாக்குற ஒரு எண்ணெய் இருக்கு, ஆவியிலயோ வறுத்தோ சூடு பண்ணித்தான் ஓட்டை உடைக்கிறாங்க. அதனால ரா அப்படிங்கற வார்த்தையை ரொம்ப பிடிச்சு தொங்க வேண்டாம். அடியில மேல சொன்ன பேரீச்சம்பழ மாவையே அரை அளவு எடுத்து தட்டுல அழுத்தினேன். மேல க்ரீமுக்கு முந்திரி 200 கிராம், 5 மணி நேரம் ஊறினது, கெட்டி தேங்காய்ப்பால் 100 மில்லி, எலுமிச்சை சாறு 3 டேபிள்ஸ்பூன், தேன் 3 டேபிள்ஸ்பூன், உருக்கின தேங்காய் எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன்.

முதல் தடவை முந்திரியை ஒரு மணி நேரம்தான் ஊற வெச்சேன், எவ்வளவு அரைச்சும் நாக்குல மணல் மாதிரி. அவசரம்னா கொதிக்கிற தண்ணி ஊத்தி அரை மணி நேரம் மூடி வெச்சாலும் ஓரளவு வருது. ரெண்டாவது தடவை முந்திரி நல்லா மைஞ்சுது, ஆனா தேங்காய்ப்பாலை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து அப்படியே ஊத்தினேன், அதுல தேங்காய் எண்ணெய் விட்டதும் வெள்ளை வெள்ளையா சின்ன முத்து மாதிரி திரிஞ்சு நின்னுடுச்சு. கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன், கெடல. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில உருகும், அதுக்கு கீழ உறையும், குளிர்ந்த பால்ல விழுந்ததும் அங்கங்க உறைஞ்சிருக்கு அவ்வளவுதான். ஜாரை வெதுவெதுப்பான தண்ணியில 5 நிமிஷம் நிக்க வெச்சு திரும்ப அடிச்சா வழவழன்னு ஆயிடுச்சு. இப்ப எல்லா பொருளையும் வெளிய எடுத்து ரூம் சூட்டுக்கு வந்த அப்புறம்தான் தொடுறேன்.

இந்த 24 டிகிரி தெரிஞ்சுட்டா நிறைய விஷயம் புரிஞ்சிடும். ஃப்ரீசர்ல 5 மணி நேரம் வெச்சு எடுத்த கேக் வெட்டும்போது ஜம்முனு நிக்கும், வெக்கையான நாள்ல மேஜை மேல அரை மணி நேரம் விட்டா ஓரத்துலேர்ந்து சரிஞ்சு வழியும், ஏன்னா அதை பிடிச்சு நிக்க வெச்சதே அந்த உறைஞ்ச எண்ணெய்தான். கோகோ பட்டர் போட்டா கொஞ்சம் தாங்கும், அது 34 டிகிரி கிட்டதான் உருகுது. வெட்டறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி ஃப்ரீசர்லேர்ந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்திட்டு, கத்தியை சூடான தண்ணியில முக்கி துடைச்சுட்டு வெட்டினா விரிசல் விடாம வரும். தேங்காய் எண்ணெய்ல பெரும்பகுதி சாச்சுரேட்டட் கொழுப்பு, அதனால இதை நாங்க பிறந்தநாள் மாதிரி நாளுக்குத்தான் பண்றோம், துண்டும் ரெண்டு விரல் அகலம்தான்.

அதே எண்ணெய்ல சாக்லேட் கோட்டிங் பண்ண போய் ஒரு பாடம். உருக்கின தேங்காய் எண்ணெய், கோகோ, தேன் மூணையும் கலக்கினா பார்க்க நல்லா இருக்கும், தட்டுல ஊத்தி உறைய வெச்சா தேன் அடியில தனியா தங்கிடும், மேல வெறும் கசப்பு. எண்ணெயும் தேனும் சேராது. ஒரு டேபிள்ஸ்பூன் பாதாம் பட்டரை முதல்ல தேனோட குழைச்சு, அதுல எண்ணெயை கொஞ்சம் கொஞ்சமா விட்டு அடிச்சா பிரியாம நிக்குது.

சியா புட்டிங் வேலையே இல்ல, அதனால சுருக்கமா. 250 மில்லி பாலுக்கு 3 டேபிள்ஸ்பூன் சியா விதை, கலக்கி வெச்சு, 10 நிமிஷம் கழிச்சு கட்டாயம் இன்னொரு தடவை கலக்கணும், இல்லைன்னா அடியில கட்டியா ஒட்டி நடுவுல காய்ஞ்ச விதையா இருக்கும். அப்புறம் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல. விதை தன் எடையை போல 10 மடங்கு தண்ணிக்கு மேல இழுக்கும், அதனாலதான் ஊறாத விதையை யாருக்கும் ஸ்பூன்ல குடுக்க கூடாது, தொண்டையில போய் உப்பிடும்.

ஒரு வாரம் இதுலயே தயிர் சேர்த்து அன்னாசி, கிவி ரெண்டையும் நறுக்கி கலந்து ராத்திரியே வெச்சேன், கலர் கலரா அழகா இருந்துச்சு. காலையில சின்னவ ஒரு வாய் வெச்சுட்டு "கசக்குது"ன்னா. தயிர் கெட்டிருக்கும்னு நினைச்சு நானும் சாப்பிட்டு பார்த்தேன், மாத்திரை கடிச்ச மாதிரி கசப்பு. தயிர் நல்லாத்தான் இருந்துச்சு. பச்சை அன்னாசியிலயும் கிவியிலயும் புரதத்தை உடைக்கிற என்சைம் இருக்கு, பப்பாளியிலயும் உண்டு, அது ராத்திரி முழுக்க பால் புரதத்தை வெட்டி வெட்டி கசப்பான துண்டாக்கிடுது. டின்ல வர்ற அன்னாசியில இந்த தொல்லை இல்ல, அது சூடு பண்ணது, என்சைம் செத்துடும். இங்கயும் பாருங்க, அடுப்பு பண்ணிக்குடுக்கிற ஒரு வேலை ராவுல நடக்கல, நாமதான் தெரிஞ்சு ஒதுக்கணும். இப்ப இந்த பழங்களை சாப்பிடுறப்பதான் மேல போடுறேன், முன்னாடியே கலக்கணும்னா மாம்பழமோ வாழைப்பழமோ ஸ்ட்ராபெர்ரியோ.

பெரியவன் எங்கயோ பார்த்துட்டு வந்து குக்கி மாவை பேக் பண்ணாம அப்படியே சாப்பிடணும்னு கேட்டான். இதுக்கு மட்டும் நான் முடியவே முடியாதுன்னு சொல்லிட்டேன். முட்டை போடலைன்னாலும் பச்சை கோதுமை மாவு, மைதா சாப்பிட தயாரான பொருள் இல்ல, வயல்லேர்ந்து வர்ற ஈ.கோலை, சால்மொனெல்லா கிருமி அதுல இருக்கலாம், சூடு பட்டாத்தான் சாகும். அழுதான், அப்புறம் ஓட்ஸை பொடிச்சு, பாதாம் பட்டர், பேரீச்சம்பழ பேஸ்ட், சின்ன சாக்லேட் துண்டு போட்டு அதே மாதிரி மாவு பிசைஞ்சு குடுத்தேன். ரோல்டு ஓட்ஸ் தட்டையாக்கறதுக்கு முன்னாடி ஆவியில வேக வெச்சதுதான், ஊற வெச்சு அப்படியே சாப்பிடலாம். இப்ப அவன் கேட்கிறது இதைத்தான்.

குழந்தைங்க வீட்டுக்கு வரும்போது இன்னும் மூணு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் ஒரு துளி கூட கிடையாது, பாட்டுலிசம்ங்கற நச்சு நோய் வர்ற ஆபத்து இருக்கு, என் தங்கச்சி குழந்தை வந்தப்ப விரல்ல தொட்டு வாயில வைக்க போனவங்களை கையை பிடிச்சு நிறுத்தினேன். 5 வயசுக்கு கீழ முழு பாதாம், முழு முந்திரி குடுக்கறதில்ல, தொண்டையில சிக்கிக்கும், உருண்டைக்கு மேல அழகுக்கு வைக்கிற பாதாமையும் எடுத்துடுவேன், பொடியா அரைச்சா பரவாயில்ல. வெளி குழந்தைன்னா நட்ஸ் அலர்ஜி இருக்கான்னு அவங்க அம்மாகிட்ட கேட்காம குடுக்கறதில்ல. பெரியவனோட ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு நட்ஸ் ஆகாது, அவனுக்காக சூரியகாந்தி விதை, பூசணி விதை, ஓட்ஸ் வெச்சு தனியா பண்ணேன், அதுக்கு முன்னாடி ஜார், ப்ளேடு, மூடியில இருக்க ரப்பர் வரைக்கும் கழட்டி சோப்பு போட்டு கழுவினேன், ஏன்னா அந்த ரப்பர் இடுக்குல பாதாம் பொடி கண்டிப்பா நிக்கும். அந்த பையன் "ஆன்ட்டி, இது நான் சாப்பிடலாமா, நிஜமாவா"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் கையில எடுத்தான்.

பல்லு விஷயமும் சொல்லிடணும். பேரீச்சம்பழம் பல்லுல நல்லா ஒட்டும், அதனால ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி குடுத்துட்டு இருந்ததை மாத்தி, சாப்பாட்டோட சேர்த்து குடுத்துட்டு அப்புறம் பல்லு தேய்க்க சொல்றேன். உருண்டை ஃப்ரிட்ஜ்ல காத்து போகாத டப்பாவுல ஒரு வாரம், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர். டப்பாவுக்குள்ள ஈரக்கை போடக்கூடாதுன்னு சின்னவதான் எல்லாருக்கும் ரூல் போட்டிருக்கா.

இந்த ஞாயிறு காய்ஞ்ச அத்திப்பழம் வெச்சு பண்ணலாம்னு எடுத்து வெச்சிருக்கேன். அதுல பேரீச்சம்பழம் அளவுக்கு பசை இல்ல, விதை வேற நறநறன்னு கடிபடும், அதனால பாதி அத்தி பாதி பேரீச்சம்பழம்னு நோட்டுல எழுதியிருக்கேன், அளவு தலா 100 கிராம். ஊற 15 நிமிஷம் போதுமான்னு நாளைக்கு பிழிஞ்சு பார்த்தாத்தான் தெரியும், சின்னவ இப்பவே முக்காலியை மேஜை பக்கத்துல இழுத்து போட்டு வெச்சுட்டா.